புகை நாட்களை எண்ணமாட்டார்கள்

1

நான் துப்புரவு வேலை செய்தவன். சிட்னியில், பரமட்டாவில் ஒரு கந்தோர்க் கட்டடத்தில் பத்தொன்பது வருடம் மேசை துடைத்தேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. இங்கிலீஸில் கடிதம் வந்தால் வேறு யாராவதுதான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஆனால் தூசியை எனக்கு வாசிக்கத் தெரியும்.

ஈரத்துணியால் ஒருதரம் இழுத்தால் போதும். கடதாசித் தூசி பஞ்சு மாதிரி உருளும். றோட்டுத் தூசி கறுப்பு, ரயர் மணக்கும். காட்டுத்தீச் சாம்பல் மை போல இழுபடும். விரலில் பிசுபிசுக்கும், கழுவினாலும் மணம் போகாது. கல் அரைத்த தூசி வெளிறின சாம்பல் நிறம். துணியைக் கசக்கினால் நறநறக்கும். காய்ந்த பிறகு துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொங்கிரீட் உடைத்து அரைக்கிற யார்ட் ஒன்று இருக்கிறது. இனி அது இரண்டு மடங்கு வேலை செய்யலாமாம். அந்த இடத்துக் காற்று சட்டப்படி சரியாக இருக்கிறதாம்.

என் மனுசி மலருக்குத் தொய்வு, மூச்சிழுப்பு வருத்தம். இந்தக் காற்றைத்தான் அவள் இழுக்க வேண்டும்.

ஊரில் இருக்கிறவர்கள் போனில் சொல்லுவார்கள், "உங்களுக்கென்ன, அங்கை எல்லாத்துக்கும் சட்டம் இருக்கு." ஓம், இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2

வீடு வாங்கும்போது யார்ட் சின்னன். பின்வேலி, ஒரு ஒழுங்கை, அதற்கு அப்பால் யார்ட். நாங்கள் வாங்கக்கூடிய வீடு அதுதான். பிறகு யார்ட் வளர்ந்தது. சிட்னியில் இடிக்கிற கட்டடம் எல்லாம் அங்கேதான் வந்து விழுகிறதோ என்று நினைப்பேன். காலை ஏழு மணிக்கு மெசின் தொடங்கும். மலர் உடுப்பை வீட்டுக்குள்ளேதான் காயப்போடுவாள்.

கொரோனா வருவதற்கு முந்தின கோடையில் காடு எரிந்தது. நீங்கள் ரிவியில் பார்த்திருப்பீர்கள். கங்காருவையும் கோலாவையும் காட்டினார்கள். நாங்கள் எரியவில்லை, எங்களுக்குப் புகைதான். மத்தியானம் லைற் போட்டுச் சமைத்தோம். யன்னல் இடுக்கெல்லாம் ஈரத் துவாய் திணித்தோம். மலர் குசினிக் கதிரையில் இருந்து, இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, மூச்சை இழுத்தாள். நித்திரையும் அந்தக் கதிரையில்தான். மூச்சுமருந்து அடிக்கிற பஃபரை வாயில் வைத்து அமத்துவாள், பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். கதைக்க மூச்சு இல்லை.

டொக்டர் ஒரு தமிழ்ப் பிள்ளை. "அங்கிள், அன்ரிக்கு எந்தெந்த நாள் கூடவா இழுக்குது எண்டு குறிச்சு வையுங்கோ" என்றாள்.

எனக்கு எழுத்து ஓடாது. நான் என் தொழிலைச் செய்தேன். காலையில் பின்யன்னல் விளிம்பைத் துடைத்து வைப்பேன். பொழுதுபட ஒரு வெள்ளைத்துணித் துண்டால் அதே விளிம்பை ஒருதரம் இழுப்பேன். எங்கள் வீட்டில் கிழிக்கிற நாட்காட்டிதான் தொங்கும், ராகுகாலம் போட்டது, மச்சாள் ஒவ்வொரு வருடமும் அனுப்புவாள். அன்றைய தாளைக் கிழித்து, துணியை அதோடு ஊசியால் குத்தி, பிஸ்கற் ரின்னில் போடுவேன். மலருக்கு மோசம் என்றால் தாளின் மூலையை மடித்துவிடுவேன். அவ்வளவுதான் என் கணக்கு.

அந்தப் புகைக்குள்ளும் யார்ட் நிற்கவில்லை. றேடியோ வீட்டுக்குள் இருக்கச் சொன்னது. வேலிக்கு அப்பால் மெசின் கடகடவென்று அரைத்தது. புகைக்குள் மெசின் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பொழுதுபடத் துடைத்தால் துணியில் மை மாதிரிக் கறுப்பு இருக்கும். அதற்குள் நறநறப்பும் இருக்கும்.

3

அடுத்த வருடம் குளிர் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவைத் தட்டினாள். கழுத்தில் அடையாளக் கார்ட், கையில் அட்டை, அட்டையில் பேனை. யார்ட்டுக்கு அயல் வீடுகளில் விசாரிக்கிறாளாம். தூசி எப்படி, சத்தம் எப்படி, ஏதும் புரொப்ளம் உண்டா என்று கேட்டாள்.

நான் நேராக நின்றேன். "நோ புரொப்ளம், மேடம். வெரி குட்" என்றேன்.

அவள் எழுதினாள். மலர் வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினாள். கதவு சாத்தின பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? பஃபர் மேசையிலை கிடக்குது. அந்தப் பிள்ளை அதைப் பாத்துக்கொண்டெல்லோ வடை திண்டது."

"எழுதிறவையோடை எங்களுக்கு என்ன கதை" என்றேன்.

அது என் பிழை. மறைக்கவில்லை. ஆனால் அது எங்கே இருந்து வந்தது என்பதையும் எழுத வேண்டும்.

ஊரில் சண்டைக்காலம், வவுனியாவில் ஒரு சோதனைச்சாவடி. நாங்கள் வரிசையில் நிற்கிறோம். மகள் துஷாவுக்கு நாலு வயது, என் இடுப்பில் இருக்கிறாள், சேட்டுக் கொலரைப் பிடித்தபடி. எங்களுக்கு முன்னால் நின்றவரிடம் ஆமிக்காரன் கேட்டான், ஏதும் பிரச்சினை உண்டா என்று. அந்த மனுசன் அதை நம்பிவிட்டார். தன் சைக்கிளை முந்தநாள் பறித்துவிட்டார்கள் என்று சொன்னார். அவரை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். நின்றார். நாங்கள் அதே பாதையால் திரும்பி வரும்போது அவர் அங்கே இல்லை. அவருடைய செருப்பு கிடந்தது.

அவருக்கு அடுத்ததாக என்னிடமும் அதே கேள்விதான் கேட்டிருந்தான். "ஒரு பிரச்சினையும் இல்லை, ஐயா" என்றேன். சிங்களத்தில் எனக்குப் பிழையில்லாமல் வந்த வசனம் அது ஒன்றுதான். துஷா அதைக் கேட்டுப் பாடமாக்கிவிட்டாள். பிறகு கனகாலம் அதை வைத்து விளையாடினாள். வாசலில் கையை விரித்து மறிப்பாள், நான் அந்த வசனத்தைச் சொன்னால்தான் உள்ளே விடுவாள். மலர் ஏசுவாள். எனக்குச் சிரிப்பு வரும்.

இந்த நாட்டுக்கு வந்ததும் அதே வசனத்தை இங்கிலீஸில் பழகிக்கொண்டேன். வேலை தந்தவர்களுக்கு அது நல்லாகப் பிடித்தது.

4

துஷா இங்கே படித்தாள். காற்றைப் பற்றிய படிப்பு. காற்றுக்கும் படிப்போ என்று நாங்கள் கேட்டோம். எங்காவது றோட்டு, பக்டரி, சுரங்கம் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே காற்றை அளந்து அறிக்கை எழுதிக் கொடுக்கிற கொம்பனி ஒன்றில் வேலை. எங்களோடு பாதி இங்கிலீஸ் கலந்துதான் கதைப்பாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் கூடும். அவள் நல்ல தமிழ் கதைத்தால் மலர் பயப்படுவாள்.

போன வருடம் யார்ட் பெரிதாகப் போகிறது என்று அறிவித்தல் வந்தது. நான் பிஸ்கற் ரின்னை எடுத்துத் துஷாவிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு.

அவள் ஒவ்வொரு துணியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போனில் படமும் எடுத்தாள். பிறகு சொன்னாள்:

"அப்பா, மூலை மடிச்ச நாள் கனக்க புஷ்பயர் நாள். அதெல்லாம் கவுண்ட் பண்ணாயினம்."

"ஏன்?"

அவள் விளக்கினாள். காற்றில் ஒரு நாளைக்கு இவ்வளவு தூசிக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். மேலே போனால் ஏன் போனது என்று கேள்வி வரும். ஆனால் காட்டுத்தீப் புகை வந்த நாள் விதிவிலக்கான நாள். அளப்பார்கள், எழுதுவார்கள், சட்டம் மீறப்பட்டதா என்று பார்க்கும்போது அந்த நாளை வெளியே எடுத்துவிடுவார்கள். புழுதிப்புயலும் அப்படித்தான். தீ பரவாமல் இருக்க அரசாங்கமே குளிர் நாளில் காட்டைக் கொளுத்துகிறதே, அந்தப் புகையும் அப்படித்தான்.

"அவையே கொளுத்திற நெருப்புமோ?"

"அதுக்கு பெர்மிஷன் இருக்கு, அப்பா."

மலர் கறிச்சட்டியோடு நின்றாள். "மூச்சுக்குப் பெர்மிஷன் தெரியுமே, பிள்ளை?"

துஷா சிரித்தாள். "அம்மா, புஷ்பயரை ஆர் கொன்ட்ரோல் பண்ணிறது? ஆரில பிழை சொல்லுறது? கொன்ட்ரோல் பண்ணக்கூடியவனை கொன்ட்ரோல் பண்ணத்தான் ரூல்."

அது நியாயம்தான். காடு எரிந்ததற்கு யார்ட்காரனைப் பிடிக்க ஏலாது. நானும் அதை ஒத்துக்கொண்டேன். பிறகு ஒரு துணியை எடுத்துக் கசக்கிக் காட்டினேன்.

"இது கேக்குதே? அந்த நாளும் அவன் அரைச்சவன். புகையை விடு. இதையேன் விடுறாய்?"

"அப்பா, ஒரு நாளை எடுத்தா முழு நாளையும்தான் எடுக்கிறது. உதில எவ்வளவு புகை, எவ்வளவு யார்ட் எண்டு இன்ஸ்ட்ருமென்டுக்குப் பிரிக்கத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

அவள் துணிகளைத் திரும்பவும் ரின்னில் வைத்து மூடினாள். தாளின் மூலைகள் மடங்காமல் கவனமாகத்தான் வைத்தாள். "வச்சிருங்கோ" என்றாள். பிறகு தயிர் கேட்டாள்.

5

எதிர்வீட்டு நசீர் கல்முனைக்காரர். பஸ் ஓட்டுகிறார். எங்கள் ஒழுங்கைக்கு வருகிற இங்கிலீஸ் கடிதம் எல்லாம் அவர் மேசையில்தான் தமிழாகும். யார்ட் கொடுத்த காற்று அறிக்கையை, அனுமதி கொடுக்கிற கவுன்சில் எல்லாருக்கும் பார்க்கக் காட்டியபோது அவர் கொம்பியூட்டரில் திறந்து வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணன், இத எழுதினவன்ட மூளைய ஊறுகா போட்டு வைக்கணும். புகை நாளெல்லாம் கழிச்சி, அவங்க கொளுத்தின நாளையும் கழிச்சி, மிச்ச நாளுல காத்து நல்லமாம். நானும் லேட்டான நாளக் கழிச்சிட்டா சிட்னியிலேயே நான்தான் நேரத்துக்கு பஸ் ஓடுறவன்."

நான் சிரித்தேன். அவர் கீழே கீழே இறக்கினார்.

"இந்தா, பக்கத்து வீட்டு ஆக்கள விசாரிச்சதாம். ஆகக் கிட்ட இருக்கிற வீடு, ஒரு வயசாளி, 'நோ புரொப்ளம், வெரி குட்' எண்டு சொன்னாராம். ஆகக் கிட்ட இருக்கிற வீடு..." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணன், அது நீங்கதானே?"

"ஓம்."

"என்ன மனிசன் நீங்க!"

அவர் ஏசிக்கொண்டே முதல் பக்கத்துக்குப் போனார், யார் எழுதினது என்று பார்க்க. எழுதினவர், சரிபார்த்தவர் என்று இரண்டு பெயர். பெயர்களை நசீர் வாய்விட்டு வாசிக்கவில்லை. எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாதுதான். ஆனால் முதல் பெயர் தெரியும். அவளுடைய பள்ளிக்கூடக் கொப்பிக்கெல்லாம் உறை போட்டு, அந்தப் பெயரைப் பார்த்து எழுதினவன் நான்.

நசீர் கொம்பியூட்டரை மூடினார். "பிளேன்ரீ குடிக்கிறீங்களா அண்ணன்?" என்றார். அதற்குப் பிறகு அன்று அவர் பகிடி விடவில்லை.

6

மலருக்கு மூன்று நாள் சொல்லவில்லை. நாலாம் நாள் துஷா போன் எடுத்தபோது கேட்டேன்.

"அறிக்கை நீயே எழுதினது?"

 அவள் இங்கிலீஸைக் குறைத்துத் தமிழில் கதைத்தாள்.

"நான் டேட்டாப் பகுதிதான் செய்தனான். நீங்கள் அங்கை இருக்கிறியள் எண்டு மனேஜருக்குச் சொன்னனான். ரூல்படி செய்தா ஆர் செய்தாலும் ஒரே விடைதான், நீயே செய் எண்டவர். நான் செய்யாட்டி வேறை ஆள் செய்திருக்கும், அப்பா. அதே விடைதான் வந்திருக்கும்."

"ரின்னைத் திறந்து காட்டின நாள், நீ அப்பவே எழுதிக்கொண்டிருந்தனியோ?"

"ஓம்."

"சொல்லேல்லை."

"சொல்லக் கூடாது, அப்பா. சைன் பண்ணியிருக்கிறன்."

நான் புகை நாளைப் பற்றிக் கேட்கவில்லை. அது சட்டம். அவள் கண்டுபிடித்த சட்டம் இல்லை.

"அந்த நோ புரொப்ளம் ஆர் போட்டது?"

"அது பழைய விசாரணையிலை இருந்தது. ரெக்கோர்ட்டிலை இருந்தா போடத்தான் வேணும்."

"அது நான் எண்டு தெரியுமே?"

"விலாசம் இருந்தது."

"நான் ஏன் அப்பிடிச் சொல்லுறனான் எண்டும் தெரியுமே?"

 பின்னால் அவளுடைய கந்தோரில் யாரோ சிரித்துக் கதைப்பது கேட்டது. "போட்டு வாறன் அப்பா" என்று வைத்துவிட்டாள்.

இந்த நாட்டில் ஒரு சட்டம் என்னை ஏமாற்றினால் எனக்குப் பெரிய நோவு இல்லை. சட்டத்துக்கு என்னைத் தெரியாது. அந்த வசனம் எங்கே பிறந்தது என்று இந்தச் சிட்னியில் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான், மலர், என் இடுப்பில் இருந்தவள்.

7

கவுன்சில் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிசம். நசீர் எனக்காக மொழிபெயர்க்க வந்தார், பஸ் யூனிபோமோடு. யார்ட் பக்கத்தில் துஷா இல்லை. வேறு ஒரு பொடியனை அனுப்பியிருந்தார்கள்.

நான் இரண்டு துணி கொண்டு போனேன். ஒன்று புகை நாள், மெசின் ஓடாத ஞாயிறு. மற்றது அடுத்த நாள், புகையும் மெசினும். இரண்டையும் மேசையில் விரித்தேன். விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். தலைவி அம்மா மட்டும் எழும்பி வந்து தேய்த்தாள். விரலைப் பார்த்தாள், கைலேஞ்சியால் துடைத்தாள். நன்றி சொன்னாள். துணி அளவுகருவி இல்லை என்று மரியாதையாகச் சொன்னாள்.

நசீர் அந்தப் பொடியனைக் கேட்டார், "புகை நாளில் யார்ட் வேலை செய்ததா இல்லையா?"

செய்தது என்றான். ஆனால் அந்த நாள் கணக்கில் இல்லை என்றான். ஒளிக்காமல்தான் சொன்னான்.

மூன்று நிமிசம் முடிந்து மணி அடிக்கப் போனார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். நசீரை விலத்திவிட்டு நானே இங்கிலீஸில் சொன்னேன்.

"மேடம், பிஃபோ ஐ சே நோ புரொப்ளம். ஐ சே றோங். புரொப்ளம். பிக் புரொப்ளம். மை வைஃப்."

 அறுபத்தாறு வயதில் முதல்தரம் கழுத்தில் கார்ட் போட்டவர்களுக்கு முன்னால் அப்படிச் சொன்னேன். ஒருவரும் என்னை ஒரு பக்கமாக நிற்கச் சொல்லவில்லை. அதுதான் இந்த நாடு. ஒரு பெண் அதை எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் நசீர் என் முதுகில் தட்டினார். "கடைசியில வாயத் திறந்துட்டீங்க அண்ணன். இதக் கொஞ்சம் முந்தித் திறந்திருக்கக் கூடாதா?"

8

நேற்றுக் கடிதம் வந்தது. நசீர்தான் வாசித்தார். தண்ணீர் அடிக்க வேண்டும், வேலி உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போட்டு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் சொன்னதெல்லாம் கவனத்தில் எடுக்கப்பட்டதாம். எழுதுவார்கள் என்று சொன்னேனே.

மலர் கேட்டுவிட்டு, "வீட்டை விப்பமே?" என்றாள். பிறகு தானே, "ஆர் வாங்கிறது" என்றாள். பஃபரை எடுத்துக் குலுக்கினாள்.

இன்று காலையில் இருந்து பக்கத்து மலைப்பக்கம் காடு கொளுத்துகிறார்கள், பெர்மிஷனோடு. வானம் மங்கிக் கிடக்கிறது. மலர் கதிரையில் இருக்கிறாள், முழங்கை மேசையில். பின்னால் மெசின் ஓடுகிறது. இன்றைய நாளும் கணக்கில் வராது. நான் யன்னல் விளிம்பைத் துடைத்துவிட்டு, பழக்கத்தில் நாட்காட்டித் தாளையும் கிழித்தேன். பிறகு யாருக்கு என்று நினைத்து அதை மேசையிலேயே வைத்தேன்.

பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. துஷா. கதவைத் திறக்க அவளிடம் திறப்பு இருக்கிறது, ஆனாலும் தட்டினாள். வேலையால் நேரே வந்திருக்கிறாள். கழுத்தில் கார்ட் தொங்கினது. நான் வாசலை விட்டு விலகவில்லை.

"அப்பா, கடிதம் வந்ததாம், நசீர் அங்கிள் சொன்னவர்." என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தாள். "அம்மாவுக்கு எப்பிடி? ஏதும் பிரச்சினையே?"

என் முதுகு நேரானது. கை இரண்டும் பக்கத்துக்குப் போனது. நான் வேண்டுமென்று செய்யவில்லை.

"நோ புரொப்ளம்" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். பிறகு கழுத்துக் கார்டைக் கழற்றி, நாடாவைச் சுருட்டி, பைக்குள் வைத்தாள். 

"அப்பா, நான் துஷா."

"தெரியும்" என்றேன்.